சவரிமுத்துவுக்கு நான் போட்ட இருட்டு

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்கள் சிரமப்பட வேண்டியிருக்காது. கள்ளக்குறிச்சியில் காலமெல்லாம் போட்டோ எடுத்துப் பிழைத்தவன் நான். அதில் பாதிக் காலம், மனித முகத்தில் பாதியை இருட்டில் வைத்தால்தான் அது கலை என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பிக்கை என்னோடு இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முகம் காட்ட வந்தவர்கள் மீதெல்லாம் அதைப் பிரயோகித்தேன். என் கல்யாணத்துக்காகப் பெண் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தலையில் தொப்பி, வாயோரத்தில் பற்றவைக்காத சிகரெட், ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம். என் மாமனார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு இன்னொரு கண் இருக்கிறதா என்று பார்த்து வர நைனார்பாளையத்திலிருந்து ஒரு ஆளை அனுப்பினார். வந்தவர் ஸ்டூடியோ வாசலில் நின்று என்னை இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் பார்த்தார். ஒரு சோடா குடித்தார். போய்விட்டார். கல்யாணம் நடந்தது. அந்தப் போட்டோவை என் மனைவி இன்றுவரை சட்டம் போடவில்லை.

இப்போது இதை எழுத வைத்தவர்கள் எங்கள் போட்டோகிராபர் சங்கத்து இளைஞர்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியைக் கல்வராயன் மலைக்கு ஏற்றிக்கொண்டு போய், பச்சைப் பசேலென்று இருக்கிற மலையில் நிறத்தை எல்லாம் எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையில் படம் பிடிக்கிறார்கள். பழைய அமெரிக்கத் துப்பறியும் படங்களின் பாணி அது. ‘நுவார்’ என்று அதற்குப் பெயராம். நான் அதைச் செய்துகொண்டிருந்த காலத்தில் ‘கோளாறு’ என்றுதான் பெயர் இருந்தது.

போன மாதம் என்னையும் முன்னோடி என்று சொல்லி, சால்வை போர்த்தி, வெள்ளிமலைக்குக் கூட்டிப்போனார்கள். மாப்பிள்ளை வாடகைக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார். மணப்பெண் கையில் பொம்மைத் துப்பாக்கி. அதை அவள் பிடித்திருந்த உறுதியைப் பார்த்து, மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசலாமா என்று யோசித்தேன். அதற்குள் காற்றில் மாப்பிள்ளையின் தொப்பி பறந்து மரவள்ளிக் கொல்லைக்குள் விழுந்தது. அங்கே களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா அதை எடுத்துத் தூசி தட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டு, மறுபடி குனிந்தார். அன்றைக்கு மலையில் எடுத்திருக்க வேண்டிய படம் அது ஒன்றுதான். யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் தொப்பியைத் திருப்பிக் கேட்க ஓடிக்கொண்டிருந்தோம்.

இறங்கும்போது வேனில் ஒரு பையன், “சார், நீங்க ஃபிலிம் காலத்துலயே இத பண்ணீங்களாமே, ஜனங்க எப்பிடி எடுத்துக்கினாங்க?” என்று கேட்டான். சொல்கிறேன்.

நான் தொழில் பழகியது சென்னையில், ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் பழைய ஆங்கிலப் படம் போடுகிற தியேட்டர் ஒன்று பக்கத்தில் இருந்தது. எனக்கு ஒரு வரி வசனம் புரிந்ததில்லை. யார் யாரைச் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்பது இந்த வயதிலும் தெரியாது. வெளிச்சம் மட்டும் புரிந்தது. ஜன்னல் பட்டைகளின் நிழல் சுவரில் கோடு கோடாக விழும். ஒரு ஆள் வாசலில் நிற்பான். அவன் தொப்பியின் விளிம்பு தெரியும், முகம் தெரியாது. முகம் தெரியாத அவனைப் பார்த்துத் தியேட்டரே பயப்படும். முகம் முழுக்கத் தெரிகிற என்னைப் பார்த்து டிக்கெட் கிழிக்கிறவர்கூட பயப்பட்டதில்லை. அப்போதே என் தொழில் கொள்கையை முடிவு செய்துவிட்டேன்.

கொள்கையோடு ஊர் திரும்பி, துருகம் சாலையில் காதர் பாய் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். பாய்க்கும் ஒரு கொள்கை இருந்தது: இரண்டு காதும் தெரிய வேண்டும். பிறந்த குழந்தையானாலும் பென்ஷன்காரரானாலும் இரண்டு காது. தலைமுடி காதை மூடியிருந்தால் அவரே எழுந்து வந்து ஒதுக்கிவிடுவார். பெண்களாக இருந்தால் கண்ணாடியைக் காட்டிவிட்டுத் திரும்பி நிற்பார். இடமும் வலமும் ஒரே உயரத்தில் இரண்டு விளக்கு, பின்னால் வெள்ளைத் துணி, முகத்தில் ஒரு நிழல் இருக்கக் கூடாது. “மூச்ச புடிங்க” என்று மட்டும் சொல்வார், “சிரிங்க” என்று சொல்ல மாட்டார். சிரிப்பு அவரவர் சொந்த விஷயம் என்பார். கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை. கழுவிக் காயவைத்த படத்தை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்ப்பார். கண்ணாடியை இரண்டாவது முறை துடைத்தால் நான் இருட்டறைக்குள் நழுவிவிடுவேன்.

என் முதல் படைப்பைப் பார்த்து அவர் சொன்ன விமர்சனம்: “இருட்டு ஜாஸ்தியா இருக்குது, மூஞ்சி கம்மியா இருக்குது.” இதைவிடச் சரியான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

அந்தப் படம் ஒரு வெல்ல மண்டிக்காரருடையது. கடையில் மாட்ட வேண்டும், வித்தியாசமாக இருக்கட்டும் என்று அவரே வாய் விட்டுக் கேட்டார். விடுவேனா? சினிமாவில் பார்த்த ஜன்னல் பட்டைகள் கள்ளக்குறிச்சியில் கிடையாது. அதனால் பின்கட்டிலிருந்த மூங்கில் தட்டி ஒன்றைத் தூக்கி வந்து விளக்கின் முன்னால் நிறுத்தினேன். அவர் முகத்தில் கோடுகள் அழகாக விழுந்தன. சினிமாவில் கோடுகள் படுத்திருக்கும், நான் அவற்றை நிற்க வைத்துவிட்டேன் என்பது படம் கடையில் மாட்டிய பிறகுதான் தெரிந்தது. கோடு படுத்திருந்தால் துப்பறிவாளர் ஆபீஸ். நின்றால் ஜெயில். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து வெல்லம் வாங்க வந்த ஒருவர் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, எப்போது வெளியே வந்தீர்கள் என்று மண்டிக்காரரைப் பரிவோடு கேட்டிருக்கிறார். பாய் அன்றே தட்டியைப் பின்கட்டில் ஆணி அடித்துப் பொருத்திவிட்டார்.

அதற்குப் பிறகு நான் திருந்தி, கொஞ்ச காலம் இரண்டு காதோடு படமெடுத்தேன். அப்படியே இருந்திருப்பேன், ஆரோக்கியமேரி வராமல் இருந்திருந்தால்.

ஊராட்சித் தலைவர் பதவிகளில் சிலவற்றைப் பெண்களுக்கு ஒதுக்கிய புதிது. மேரியின் ஊர் நைனார்பாளையத்துக்கு அந்தப் பக்கம். மகளிர் குழு நடத்துகிறவள். தெருவில் கெட்டுப்போன அடிபம்புக்காகப் பெண்களைத் திரட்டிக்கொண்டு யூனியன் ஆபீஸில் போய் உட்கார்ந்து, ஆள் வந்து சரிசெய்கிறவரை எழுந்திருக்காதவள். ஊர்ப் பெண்கள் சேர்ந்து அவளை நிற்கச் சொல்லியிருந்தார்கள். சின்னம் பூட்டு சாவி. கூட வந்தவர் அவள் கணவர் சவரிமுத்து, ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்க்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் தேர்தலில் நிற்பது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நோட்டீசுக்குப் போட்டோ வேண்டும். அந்தக் காலத்து நோட்டீஸ் கறுப்பு வெள்ளை, ஒரே மை. மேரி நாற்காலியில் உட்கார வேண்டும், தான் பக்கத்தில் நிற்க வேண்டும், தன் முகம் கொஞ்சம் பெரிதாக வர வேண்டும் என்று சவரிமுத்து விளக்கினார். ஜெயித்ததும் ஊரில் என்னென்ன செய்யப் போகிறார் என்பதையும் சொன்னார். எல்லா வாக்கியமும் ‘நான்’ என்றே தொடங்கியது. மேரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.

டிராக்டரை வழியில் நிறுத்திவிட்டதாக வெளியே யாரோ சத்தம் போட, சவரிமுத்து நகர்த்தி வைக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் மேரி என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, அவரு மொகம் பெருசா வந்துச்சின்னா, ஜெயிச்சாலும் நாற்காலி அவருக்குத்தான். ஜனங்க மனுவத் தூக்கிக்கினு அவராண்டதான் போவும். நா வூட்ல குந்திக்கினு கையெழுத்து போட்டுக்கினு இருப்பேன். எதுனா பண்ணுங்கண்ணே.”

வேறு போட்டோக்காரர் யாராக இருந்தாலும் இது குடும்ப விஷயம் என்று ஒதுங்கியிருப்பார். எனக்கோ, இத்தனை வருடமாக நான் கற்று வைத்திருந்த அந்த உபயோகமில்லாத வித்தை முதல் முறையாக ஒரு மனுஷிக்குத் தேவைப்பட்டது. ஆணி அடித்த தட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்தேன்.

சவரிமுத்து திரும்பி வந்ததும் அவருக்கு ஸ்டூடியோ தொப்பியைக் கொடுத்தேன். வாடகைக் கோட்டை மாட்டி, காலரைத் தூக்கிவிட்டேன். தயங்கினார்.

“அமெரிக்காப் படத்துல பெரிய ஆளு எப்பவும் பின்னாடி, இருட்டுலதாங்க நிப்பாரு. வெளிச்சத்துல நிக்கிறவன்லாம் போலீசுகிட்ட மாட்டிக்கிறவன்” என்றேன்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “அப்பிடியா? இன்னும் கொஞ்சம் பின்னாடி போவட்டா?” என்றார்.

இப்போதைய பிள்ளைகளுக்காக அந்த வெளிச்சத்தை விவரமாகச் சொல்கிறேன். வலப்பக்க விளக்கை அணைத்தேன். இடப்பக்க விளக்கை மேரியின் தலைக்கு மேலே உயர்த்தி, அவள் முகத்தின் பக்கம் சாய்த்தேன். வெளிச்சம் பின்னால் சிந்தாமல் இருக்க, காலண்டர் அட்டை ஒன்றை விளக்கின் ஓரத்தில் துணிக் கிளிப்பால் பிடித்து வைத்தேன். வெள்ளைத் துணியைச் சுருட்டிவிட்டுக் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டேன். அட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினால் சவரிமுத்துவின் மூக்கு வரும், இன்னொரு விரற்கடை நகர்த்தினால் போகும். தொப்பி விளிம்பில் ஒரு கோடு, ஒரு கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம், மீசையின் ஓரம், இவ்வளவு போதும் என்று நிறுத்தினேன். கேமராவின் வெளிச்ச அளவை முழுக்க மேரியின் கன்னத்துக்கு வைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து லென்ஸைப் பார்த்தாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சைப் பிடிக்கக்கூட. அவளே பிடித்தாள்.

பாய் அந்தப் படத்தை ஜன்னலில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியை ஒரு முறைதான் துடைத்தார். “பொம்பளைக்கு ரெண்டு காதும் இருக்குது” என்றார். பின்னால் இருந்த ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார். என் வாழ்நாளில் பாயிடம் வாங்கிய ஒரே பாஸ் மார்க் அது.

என் கணக்கில் இல்லாதது அச்சகம். மலிவுத் தாள், தாராளமான மை. தொப்பிக் கோடு, கண்பொட்டு, மீசையோரம் எல்லாவற்றையும் மை குடித்துவிட்டது. நோட்டீசில் மேரியின் முகம் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. அவளுக்குப் பின்னால் சவரிமுத்து இருக்க வேண்டிய இடத்தில் தொப்பி வடிவத்தில் ஒரு கறுப்பு.

ஊர்ப் பிள்ளைகள் அதற்குப் பேய் என்று பெயர் வைத்தார்கள். எதிரணியில் நின்றவர் பழைய தலைவரின் மருமகள். அவர்கள் தரப்பில், மேரிக்கு ஓட்டுப் போட்டால் அது பின்னால் நிற்கிறதே அதற்குப் போகும் என்று பேசினார்கள். யோசித்துப் பார்த்தால் தப்பில்லாத பேச்சு.

சவரிமுத்து நோட்டீசோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். மேரியும் கூட வந்தாள். நான் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஃபிலிம் கழுவும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது எவ்வளவு நல்ல விதி என்று அன்று உணர்ந்தேன். அவர் போட்ட சத்தம் முழுவதும் உள்ளே கேட்டது. தன் முகம் ஊருக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தேர்தலே வேண்டாம், நாளைக்கே வாபஸ் வாங்க வைப்பேன் என்றார். வாபஸ் வாங்குகிற நாள் தாண்டிவிட்டது அவருக்குத் தெரியவில்லை. மேரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை.

அமைதியான குரலில் அவள் சொன்னது இதுதான்: “என்கூட வாணாங்க. தனியாவே போட்டுக்கங்க. சுவத்துல ஒட்டற மாதிரி, நல்லா பெருசா.”

சவரிமுத்து சட்டென்று அடங்கினார். தனியாக, பெரிதாக என்பது அவருக்கே தோன்றாத யோசனை. இந்த முறை தனுபாலு கேமரா பக்கமே வரக் கூடாது என்று நிபந்தனை போட்டார். தனுபாலு நான்தான், நல்ல பெயர் தனபால். பாயே எடுத்தார். இரண்டு விளக்கு, வெள்ளைத் துணி, வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, இரண்டு காது, சிரிப்பு கிடையாது. நிழல் என்பதே இல்லாத முகம்.

வாசகர்களில் சிலருக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். நம் பக்கத்துச் சுவர்களில் ஒரு ஆண்முகம் தனியாக, கறுப்பு வெள்ளையில், பெரிதாக, சிரிக்காமல் ஒட்டப்பட்டிருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அச்சகத்துத் தொழிலாளிக்கும் அந்த அர்த்தம்தான் தெரியும். அவர் கைப் பழக்கத்தில் நான்கு பக்கமும் தடித்த கறுப்புக் கட்டம் போட்டுவிட்டார். மேலே பெரிய எழுத்தில் பெயர். கீழே சின்ன எழுத்தில்தான் பூட்டு சாவிக்கு ஓட்டுக் கேட்டிருந்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

சாயங்காலம் ஒட்டினார்கள். மறுநாள் காலையில் மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. கோயில் வேலை பார்க்கும் உபதேசியார், யாரோ சொன்னதை நம்பி அடித்துவிட்டு, அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்க மேரி வீட்டுக்கே வந்திருக்கிறார். சவரிமுத்து வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். மணி யாருக்கு அடிக்கிறது என்று அவர் உபதேசியாரைக் கேட்டார். உபதேசியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குள் களமருதூரிலிருந்து சவரிமுத்துவின் அக்கா ஒரு டெம்போ நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினாள், மாலையோடு, தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டு. வாயில் நுரையோடு நின்ற தம்பியைப் பார்த்ததும் பாட்டு நின்றது. மாலையைக் கீழே போட்டுவிட்டு வந்து பளாரென்று ஒன்று வைத்தாள்.

“செத்தவனாட்டம் இன்னாத்துக்குடா மூஞ்சிய வச்சிக்கினு குந்தியிருக்கிற போட்டோல?”

நான் இதைக் கண்ணால் பார்க்கவில்லை. மகளிர் குழுப் பெண்கள் ஸ்டூடியோவுக்கு வந்து நடித்துக் காட்டினார்கள். உபதேசியாராக நடித்தவள் பிரமாதம்.

அதற்குப் பிறகு சவரிமுத்துவால் பிரச்சாரத்துக்குப் போக முடியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் யாராவது எழுந்து ஒரு நிமிட மௌனம் அனுசரித்தார்கள். டிராக்டரை எடுத்தால் பிள்ளைகள் பேய் வருகிறது என்று ஓடினார்கள். நோட்டீசும் போஸ்டரும் சேர்ந்து அவரை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டன. ஆனால் பக்கத்துக் குக்கிராமங்களில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டுக்காரி எப்படிப் பொறுப்பைப் பார்ப்பாள் என்று எதிரணி கிளப்பிவிட்டது. வேறு வழியில்லாமல் மேரியே தெருத் தெருவாக இறங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வாசலிலும் அவள் முதலில் சொன்ன வாக்கியத்தைக் குழுப் பெண்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்: “எங்க வூட்டுக்காரு நல்லாத்தான் இருக்கிறாரு. எலக்சன்ல நிக்கிறது அவரு இல்ல, நானு.” அதன் பிறகு அவள் அடிபம்பைப் பற்றிப் பேசினாள், தெருவிளக்கைப் பற்றிப் பேசினாள். இதுவரை அவள் குரலைக் கேட்காத தெருக்களெல்லாம் கேட்டன.

இடையில் சவரிமுத்து ஒரு நாள் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். போஸ்டரைப் பாய் முன்னால் விரித்துப் போட்டார். பாய் போஸ்டரை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

“காது ரெண்டும் இருக்குதில்ல?” என்றார்.

அன்று நான் இருட்டறைக்குள் போய்ச் சிரித்ததில் ஒரு ஃபிலிம் சுருள் வீணானது. இத்தனை வருடம் என் இருட்டைத் திட்டிய பாயின் வெளிச்சம் ஒரு மனிதரை உயிரோடு அடக்கம் செய்துவிட்டதே.

மேரி ஜெயித்தாள். நன்றாகவே ஜெயித்தாள்.

பாராட்டு வாங்குவதில் நான் எப்போதும் பின்தங்க மாட்டேன். கொஞ்ச நாள் பொறுத்து, கேமராப் பையை மாட்டிக்கொண்டு ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். வாசலில் பெண்களும் பெரியவர்களும் காகிதங்களோடு நின்றார்கள். வெளியே பெஞ்சில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். ஒரு கிழவர் பழக்கத்தில் அவரிடம் மனுவை நீட்ட, அவர் கட்டைவிரலால் உள்ளே காட்டினார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கவாட்டில் நல்ல முகம் அவருக்கு, இன்னொரு முறை எடுக்கலாம் என்று தோன்றியது.

உள்ளே மேரி நாற்காலியில் இருந்தாள். ஜன்னலிலிருந்து வெளிச்சம் அவள் மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தவள் கையால் நிற்கச் சொன்னாள். நின்றேன். என் போட்டோதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று நாலு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முன்னால் இருந்தவர் நகர்ந்து என் முறை வந்தது. வழியெல்லாம் என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டே விட்டேன்.

“தலைவரம்மா, அன்னிக்கி ‘தனியா போட்டுக்கங்க, பெருசா’ன்னு சொன்னீங்களே. இப்பிடித்தான் ஆவும்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள்.

“மனு இருந்தா குடுங்க.”